மூலை கறுத்த லென்ஸ்

கமராக் கடைக் கவுண்டருக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் இருவருக்கும் லென்ஸ்களை ஒப்பிட்டுக் காட்டுவது எப்படி என்று நாலு வார்த்தை எழுதித் தரும்படி முதலாளி கேட்டார். குவியத் தூரம், துவாரத்தின் அளவு, எடை என்று பெட்டியில் அச்சடித்திருப்பதை நான் திருப்பி எழுதப் போவதில்லை. அதையெல்லாம் வாங்க வருகிறவர்களே கைப்பேசியில் பார்த்துக் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். பல நேரம் உங்களைவிடக் கூடவே தெரிந்து வைத்திருப்பார்கள். அதற்காகக் கூச்சப்பட வேண்டாம். கவுண்டரில் நிற்கிறவருக்கு வேண்டியது வேறு. அது என்னவென்று என்னால் ஒரு வரியில் சொல்ல முடியாது. நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

பிலிம் சுருள் விற்றுத் தீர்ந்துகொண்டிருந்த காலத்தில் நான் இந்தக் கடைக்கு வந்தேன். மிரர்லெஸ் கமராக்கள் அலுமாரியை நிரப்பிய பிறகு ஓய்வெடுத்தேன். நடுவில் போன வருசங்கள்தான் எனக்கு இப்போதும் கனவில் வருகின்றன. புளியந்தீவில் அந்த நாட்களில் நல்ல லென்ஸைக் கையில் எடுத்துப் பார்க்க விரும்புகிறவர்கள் எங்கள் கடைக்குத்தான் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பின் விறாந்தை நிரம்பிவிடும். பாங்கில் வேலை செய்கிறவர், ஆஸ்பத்திரித் தாதி, மெதடிஸ்ட் கோயிலில் ஓர்கன் வாசிக்கிறவர், மீன் ஏலம் கூறுகிறவர் எல்லாரும் வாவியைப் பார்த்து வரிசையாக நின்று, ஒருவருடைய லென்ஸை மற்றவர் வாங்கி மாட்டிப் பார்ப்பார்கள். வலைக்கம்பில் குந்தியிருக்கும் நீர்க்காகம் ஒன்றுதான் எல்லாருக்கும் பொதுவான மொடல். ஒரே பறவையை ஆளுக்கொரு லென்ஸால் எடுத்து, முதலாளியின் கொம்பியூட்டரில் பெரிதாக்கி, எதில் இறகு கூர்மையாகத் தெரிகிறது என்று தேநீர் ஆறும்வரை வாக்குவாதப்படுவார்கள். நான் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டே அந்த வாக்குவாதத்தில்தான் தொழில் படித்தேன்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் யோகன் அண்ணன். ஆரையம்பதி ஆள். கல்முனை ரோட்டில் தனியார் பஸ் ஓட்டுகிறவர். தடித்த கண்ணாடி, எப்போதும் மடித்துவிட்ட சேர்ட் கை, குறைந்த பேச்சு. ஓட்டம் இல்லாத நாளில் வெள்ளனவே எழும்பி வாவிக்கரையில் நிற்பார். விடிகிற நேரத்து வானம் என்றால் அவருக்குப் பைத்தியம். கையில் இருந்தது உள்ளே கண்ணாடி வைத்த பழைய வகைக் கமரா. அதன் வியூஃபைண்டரில் கண்ணை வைத்தால், லென்ஸுக்குள் வருகிற வெளிச்சமே நேராகத் தெரியும். திரையில் வரும் படத்தை அவர் நம்பமாட்டார். "கண்ணால பாத்து எடுக்கிறதுதான் படம்" என்பார்.

முழு வாவியும் ஒரே படத்துக்குள் விழ வேண்டும் என்று அவருக்கு அகலக் கோண லென்ஸ் ஒன்று தேவைப்பட்டது. எங்களிடம் இரண்டு இருந்தன. ஒன்று கமராக் கொம்பனியே செய்தது, பாரம் கூடியது. மற்றது வேறு கொம்பனியுடையது, இலேசானது, ஓரங்களில் படம் கொஞ்சம் கூர்மை குறைந்து விழும். வாங்குவதற்கு முன் கொண்டுபோய் எடுத்துப் பார்க்கலாம் என்பது அந்த நாட்களில் கடையின் வழக்கம். பழகின ஆட்களிடம் கையெழுத்துக்கூட வாங்குவதில்லை. உப்புக்காற்றில் வைத்துவிட்டு வராதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும் என்று மட்டும் சொல்லி அனுப்புவோம்.

இதற்கெல்லாம் கொஞ்ச நாள் முன்பு, கமராவுக்குள் தூசி விழுந்திருக்கிறது என்று யோகன் அண்ணன் வந்திருந்தார். நுளம்புபோலக் கறுப்புப் புள்ளிகள் மிதக்கின்றனவாம். நான் ஊதிச் சுத்தம் செய்து கொடுத்தேன். குறைந்த மாதிரி இருக்கிறது என்று சொல்லிப் போனார். பிறகு ஒரு நாள், பொழுதுபடுகிற நேரம் படம் எடுக்கும்போது பக்கத்தில் பளிச்சென்று வெட்டுகிறது, லென்ஸுக்குள் வெளிச்சம் பட்டுத் தெறிக்கிறது போல என்றார். முன்னால் மாட்டுகிற மறைப்பு ஒன்றைக் கொடுத்தேன். இரண்டும் கவுண்டரில் தினமும் வருகிற முறைப்பாடுகள். இரண்டுக்கும் எங்களிடம் பதில் இருந்தது.

முதல் லென்ஸைக் கொண்டுபோனவர் அடுத்த கிழமை திருப்பிக் கொண்டுவந்தார். வலது பக்கம் கீழ் மூலை கறுக்கிறதாம். அகலக் கோண லென்ஸில் மூலைகள் இருளுவது எல்லாரும் அறிந்த விசயம். முதலாளி யோசிக்கவே இல்லை, மற்றதைக் கொடுத்துவிடச் சொன்னார். குறை என்று சொல்லி வந்தால் மாற்றிக் கொடு, ஆளைக் குறுக்கு விசாரணை செய்யாதே என்பது அவருடைய கொள்கை. அந்தக் கொள்கையால்தான் கடை நிலைத்தது என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

இரண்டாவது லென்ஸோடு அவர் திரும்பி வந்த நாளைத்தான் சொல்ல வந்தேன்.

காலை வெயில் ஏறியிருந்தது. கடையில் முதலாளியும் நானும் மட்டும். யோகன் அண்ணன் கமராவைக் கவுண்டரில் வைத்துவிட்டு, இதுவும் அப்படித்தான், அதே மூலை, முந்தியதைவிட மோசம் என்றார். குரலில் கோபம் இல்லை. களைப்பு இருந்தது. மத்தியானம் கல்முனை ஓட்டம் இருக்கிறது, அதற்குள் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். முதலாளி கண்ணால் எனக்குச் சைகை காட்டினார். திருப்பி எடுத்துக்கொண்டு ஆளை அனுப்பு என்று அர்த்தம்.

எனக்கு மனம் கேட்கவில்லை. இரண்டு வேறு கொம்பனிகள் செய்த லென்ஸ்கள் ஒரே மூலையில் ஒரே மாதிரிக் கறுக்குமா? அதுவும் லென்ஸால் வருகிற இருட்டு நாலு மூலையிலும் வர வேண்டும். ஒரு மூலையில் மட்டும் என்றால் மறைப்புக் கோணலாக மாட்டியிருக்க வேண்டும். அதைக் கழற்றினேன். வடிகட்டிக் கண்ணாடியையும் கழற்றினேன். அவரைப் பின் விறாந்தைக்குக் கூட்டிப்போய் வாவியை எடுக்கச் சொன்னேன். எடுத்தார். இன்னும் கறுப்புத்தான் என்றார். எடுத்த படத்தைக் கொம்பியூட்டரில் போட்டோம். நாலு மூலையும் சுத்தம்.

அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. கமரா தானாகவே மூலை இருட்டைத் திருத்திவிடும், வியூஃபைண்டரில் தெரிவதுதான் உண்மை என்றார். பிள்ளைகள், அது பிழையான பேச்சு இல்லை. கமராக்கள் அப்படித் திருத்துவது உண்மைதான். ஒரு நிமிடம் நானும் அதை ஏற்றுக்கொண்டேன். கடையை விட்டு அவர் போகிற வழி அந்த இடத்தில் திறந்திருந்தது. நீங்கள் சொல்வது சரி அண்ணன், லென்ஸை வைத்துவிட்டுப் போங்கள் என்று நான் சொல்லியிருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள்.

அலுமாரியில் இருந்து பறவை எடுக்கிற நீண்ட லென்ஸை எடுத்து அவருடைய கமராவில் மாட்டினேன். அந்த லென்ஸில் மூலை இருளுவதே இல்லை. நானே முதலில் பார்த்தேன். கண்ணாடித் தண்ணீர்போலத் தெளிவு. அவரிடம் கொடுத்தேன். பார்த்தார்.

"அதேதான் தங்கச்சி. கீழ, வலப்பக்கம்."

மாற்றக்கூடியதையெல்லாம் மாற்றியாகிவிட்டது. லென்ஸ் மூன்று. மறைப்பு இல்லை. கமரா ஒன்றுதான், ஆனால் அதில் நான் பார்த்தால் ஒன்றுமில்லை. மாறாமல் இருப்பது ஒன்றே ஒன்று.

"மற்றக் கண்ணால ஒருக்காப் பாருங்க அண்ணன்" என்றேன்.

அவருக்கு அது வசப்படவில்லை. மூக்கு இடித்தது, கண்ணாடி கோணியது. சரிப்படுத்தி இடக்கண்ணை வைத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"இது நல்ல லென்ஸ்" என்றார். "இதில கறுப்பு இல்ல."

அந்தச் சிரிப்பை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. லென்ஸில் ஒன்றுமில்லை என்று நான்தான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. கமராவை அவர் கையில் இருந்து மெல்ல வாங்கினேன். இடக்கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு வலக்கண்ணால் மட்டும் வாவியைப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். கையை எடுத்தார். திரும்பவும் பொத்தினார். அப்படி எத்தனை தரம் செய்தாரோ தெரியாது. கடைசியில், ஓய்வு நாளில் டொக்டரிடம் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். கமராவை எடுத்துக்கொண்டு போகவில்லை. தன் கமராவை மறந்துவிட்டுப் போன யோகன் அண்ணனை நான் அதற்கு முன் கண்டதில்லை.

முதலாளியிடம் சொன்னேன். பஸ் ஓட்டப் போகிறார் என்றேன். அவர் நல்ல மனிதர். ஆனாலும் முதலில், "நாம கமரா விக்கிற ஆக்கள், கண் டொக்டர் இல்ல" என்றுதான் சொன்னார். நமக்கு நிச்சயமாகத் தெரியாத ஒன்றுக்காக ஒருவருடைய பிழைப்பில் கை வைக்கலாமா என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. பஸ் சொந்தக்காரருக்கு ஒரு போன் போட்டால் அலுவல் முடிந்துவிடும். ஆனால் அந்த ரோட்டில் யோகன் அண்ணனைப் பிறகு யாரும் ஸ்டியரிங்கில் இருத்தமாட்டார்கள், கண்ணில் ஒன்றுமில்லை என்று டொக்டர் சொன்னாலும் கூட. அவருடைய மனைவிக்குச் சொன்னால், அவர் ஆரையம்பதியில் இருந்து வந்து சேருமுன் பஸ் வெளிக்கிட்டுவிடும். சும்மா இருந்தால் பஸ் நிறைய ஆட்கள்.

நான் குடையை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தேன்.

பஸ் பாதி நிரம்பியிருந்தது. டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் இடம் இருந்தது, உட்கார்ந்தேன். யோகன் அண்ணன் ஏறிச் சாவியைப் போட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்துவிட்டுக் பின்பக்கம் காட்டுகிற கண்ணாடியில் என்னைக் கண்டார்.

எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். உங்களோடு கல்முனைக்கு என்றேன். கடை என்ன மாதிரி என்றார். கடை கிடக்கட்டும் என்றேன். இரண்டு பேரும் குரலை உயர்த்தவில்லை. பின் சீட்டுக்குக் கேட்டால் அன்று பின்னேரமே கதை களுவாஞ்சிக்குடி வரைக்கும் போய்விடும். அதை நான் செய்யக்கூடாது என்று நடந்து வரும்போதே முடிவெடுத்திருந்தேன். என்ன சொல்வது என்பதை மட்டும் முடிவெடுத்திருக்கவில்லை.

"ஒரு ஓட்டந்தானே தங்கச்சி. போட்டு வந்து காட்டுறன்."

முன்னால் குனிந்து, இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு நேரே ரோட்டைப் பாருங்கள், தலையைத் திருப்பாமல் எனக்கு ஒன்றைச் சொல்லுங்கள் என்றேன். சரியாகச் சொன்னால் நான் இறங்கிப் போய்விடுவேன், பிறகு ஒரு நாளும் இந்தக் கதை எடுக்கமாட்டேன் என்றும் சொன்னேன். முகம் துடைக்கிறவர்போல லேஞ்சியை எடுத்து இடக்கண்ணை மூடினார்.

"ஒங்கட வலப்பக்கம், யன்னலுக்குக் கீழ ஆர் நிக்கிற?"

"ஒருத்தருமில்ல."

"இப்ப திரும்பிப் பாருங்க."

திரும்பினார். கச்சான் கடலைத் தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா, பஸ்ஸில் ஒட்டி நின்று யன்னல் ஓரத்து ஆட்களுக்குப் பொட்டலம் நீட்டிக்கொண்டிருந்தார். சக்கரத்துக்கும் அவருடைய காலுக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை. யோகன் அண்ணன் தன்னைப் பார்க்கிறார் என்று கண்டு அவருக்கும் ஒரு பொட்டலத்தை நீட்டினார்.

யோகன் அண்ணன் அதை வாங்கினார். மடியில் வைத்துக்கொண்டார். பிறகு எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்தார். கொண்டக்டரைக் கூப்பிட்டு, வயிறு சரியில்லை, வேறு டிரைவரைப் பிடி என்றார். ஆட்கள் முணுமுணுத்தார்கள். நாங்கள் இருவரும் வேறு வேறு கதவால் இறங்கி, நிலையத்துக்கு வெளியே ஓட்டோ பிடித்தோம். வழியில் நான் ஆறுதல் சொல்லவில்லை. சொல்வதற்கு எனக்கு என்ன தெரியும்?

ஆஸ்பத்திரியில் கண் டொக்டர் ஒரு இளம் பெண். மருந்து விட்டு, வெளிச்சம் பிடித்துப் பார்த்தவருடைய முகம் மாறியது. கண்ணின் பின் சுவரில் ஒட்டியிருக்கும் திரை கழன்று வருகிறது, ஈரச் சுவரில் தாள் உரிவது மாதிரி என்று விளங்கப்படுத்தினார். கிட்டப்பார்வைக்குத் தடித்த கண்ணாடி போடுகிறவர்களுக்கு இது வரக்கூடியதாம். புள்ளிகள் மிதந்தனவா, பக்கத்தில் மின்னல் வெட்டியதா என்று கேட்டார். யோகன் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான்தான் பதில் சொன்னேன். தூசி என்று வந்த நாள், மறைப்பு வாங்கிய நாள், முதல் லென்ஸ், இரண்டாவது லென்ஸ். கடையில் முறைப்பாடாகக் கேட்டதையெல்லாம் டொக்டரிடம் நோயாகச் சொல்லிக்கொண்டு நின்றேன். பார்வையின் நடுப்பகுதி இன்னும் கழலவில்லை, கழன்றால் திருத்துவது கடினம், இன்றைக்கே கொழும்புக்கு வெளிக்கிட வேண்டும் என்றார் டொக்டர்.

யோகன் அண்ணனின் மனைவி வந்து சேர்ந்தார். அழவில்லை. என்னைத் தனியே கூட்டிப்போய், "கமராவில கண்ண வச்சு வச்சுத்தான் வந்ததா?" என்று கேட்டார். இல்லை அக்கா, கமராவால்தான் தெரிய வந்தது என்றேன். அவர் அதை நம்பினாரா என்பது எனக்கு விளங்கவில்லை.

கொழும்பில் சத்திரசிகிச்சை நடந்தது. டொக்டர்மார் சொன்னபடி நாள்கணக்காகக் குப்புறப் படுத்துக் கிடந்தாராம். நடுப் பார்வை தப்பியது. வலது ஓரம் திரும்பி வரவில்லை. பஸ் ஓட்டுகிற லைசென்ஸ் அதோடு போனது. பிறகு நிலையத்திலேயே பஸ்களுக்கு நேரம் குறித்து விடுகிற வேலை கிடைத்தது.

நான் வீட்டுக்குப் போகும் வழி அந்த நிலையத்தால்தான். என்னைக் கண்டால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். முதல் தரம் காணவில்லை என்று நினைத்தேன், அவருடைய வலப்பக்கமாக நடந்தேனோ என்று. அடுத்த நாள் இடப்பக்கமாக நடந்து பார்த்தேன். அப்போதும் திருப்பிக்கொண்டார். நீங்கள் சரியானதைச் செய்தாலும் சில வேளை கிடைக்கிறது இதுதான். அதற்காக அழுதேனா என்று கேட்காதீர்கள். அவருடைய கமரா கடையிலேயே கிடந்தது. அதைப் பற்றி முதலாளி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் ஈரம் உறிஞ்சுகிற அலுமாரியில், விற்பனைக்கு வைத்த பெறுமதியான லென்ஸ்களை நெருக்கி ஒதுக்கி, அதற்கு ஒரு தட்டு கொடுத்திருந்தார். சிலிக்கா ஜெல் பையை அவரே மாற்றுவார்.

மாரி மழை விட்ட ஒரு காலையில் யோகன் அண்ணன் கடைக்கு வந்தார். முதலாளி எழும்பிப் போய்க் கமராவை எடுத்து வந்து கொடுத்துவிட்டு, பாங்குக்குப் போகிற வேலை இருக்கிறது என்று குடையோடு வெளியே போனார். அன்று பாங்க் விடுமுறை.

நானும் அவரும் பின் விறாந்தையில் நின்றோம். வாவி நிறைந்து, மண் நிறமாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் கமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பூஞ்சணம் பிடிக்கவில்லை என்றார். பிறகு வாவியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

தான் கடைசியாகக் கடைக்கு வந்த நாளுக்கு முந்தின நாள், குருக்கள்மடத்துக்குக் கிட்ட, வலப்பக்கத்தால் வந்த மோட்டார்சைக்கிளைத் தான் காணவில்லை என்றார். முன்னால் ஒரு சின்னப் பிள்ளை இருந்ததாம். ஓட்டி வந்தவன்தான் வெட்டி மண்ணுக்குள் இறக்கித் தப்பினானாம். பஸ்ஸில் யாருக்கும் தெரியாது. வீட்டிலும் சொல்லவில்லை.

"எனக்குத் தெரியும் தங்கச்சி, கண்ணிலதான் என்னவோ எண்டு. லென்ஸில பிழையெண்டு நீங்க ஒருக்காச் சொல்லிருவீங்க எண்டுதான் திரும்பத் திரும்ப வந்தனான்."

அவரை எங்கள் வாடிக்கையாளர்களிலேயே நுணுக்கம் பார்க்கிறவர் என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

உள்ளே போய் அந்த இரண்டு அகலக் கோண லென்ஸ்களையும் எடுத்து வந்து விறாந்தைக் கட்டின்மேல் வைத்தேன். இலேசானதை எடுத்து மாட்டினார். கமராவைத் தூக்கினார். பழக்கத்தில் வலக்கண்ணுக்குக் கொண்டுபோய், நிறுத்தி, இடக்கண்ணுக்கு மாற்றினார். மூக்கு கமராவின் திரையில் நசுங்கியது. மூச்சைப் பிடித்து ஒரு படம் எடுத்தார். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். வாவி ஒரு பக்கமாகச் சரிந்து, தண்ணீர் எல்லாம் படத்தை விட்டு ஊற்றப்போகிற மாதிரி இருந்தது.

"நேராப் பிடிச்சுப் பழகோணும்" என்று சொல்லிவிட்டு, அவர் திரும்பவும் கமராவைத் தூக்கினார்.